நாகை முதல் யாழ்ப்பாணம் வரை: கிணற்று நீரை அளக்க ஒரு மாணவர் பயணம்

பார்க்க வேண்டிய இடங்களை அடுக்கிவிட்டுப் பயணம் தயாரித்தால் பிள்ளைகளிடம் படங்கள்தான் மிஞ்சும். ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: கிணற்றில் உப்பு எங்கே, எப்போது ஏறுகிறது? நாகை காவிரியின் கடைமடை. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறே கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரை நம்பித்தான் கிணறுகள். அதனால் இரு கரையிலும் ஒரே கருவியால் அளந்து ஒப்பிடலாம்.

நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்கும் இடையிலான கப்பல் சேவை 2023 அக்டோபரில் தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். வடகிழக்குப் பருவமழையில் சேவை நின்றுவிடும். பிப்ரவரிக் கடைசியைக் குறியுங்கள். பொதுத்தேர்வு நெருங்கும் வகுப்புகளை விட்டு, ஒன்பதாம் வகுப்பை அழையுங்கள். கடல் சரியில்லாமல் கப்பல் ரத்தாகலாம் என்பதால் ஐந்து நாள் திட்டத்துக்கு ஆறு நாள் ஒதுக்குங்கள். யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்குப் பறப்பவை சிறிய விமானங்கள். கடைசி நேரத்தில் இருபது இருக்கை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

பாஸ்போர்ட் வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தாய், தந்தை இருவரின் ஒப்புதலும் தேவை. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் இங்கேதான் இழுபறி ஆகும். இலங்கையின் இணையவழிப் பயண அனுமதி, அங்குள்ள பள்ளியின் எழுத்துப்பூர்வ அழைப்பு இரண்டையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதினாறு மாணவர், மூன்று ஆசிரியர் போதும். அங்கேயும் பதினாறு பேர். இங்கிருந்து இருவர், அங்கிருந்து இருவர் என எட்டுக் குழு. இரண்டு குழுவுக்கு ஒரு மின்கடத்துதிறன் மானி: நீரில் உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகக் கடக்கும், அதை இது அளக்கும்.

அளவீடு பிழைப்பது பெரும்பாலும் இதில்தான்: சில மானிகள் கரைந்த உப்பைக் கணக்கிட மின்கடத்துதிறனை 0.5 ஆல் பெருக்கும், சில 0.7 ஆல். ஒரே தண்ணீருக்கு இரண்டு விடை வரும். ஆகவே மின்கடத்துதிறனின் அலகான மைக்ரோசீமென்ஸ் அளவை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தினமும் காலையில் 1413 மைக்ரோசீமென்ஸ் என்று அளவு தெரிந்த திட்டக் கரைசலில் மானியைச் சரிபாருங்கள். குப்பியை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசிய பிறகே மாதிரி எடுக்க வேண்டும்; குழாயில் தேங்கிய நீர் உதவாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அனுமதி பெற்று, மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் எடை கட்டிய குப்பியை மூடியோடு இறக்கி, வேண்டிய ஆழத்தில் மூடியை இன்னொரு கயிற்றால் இழுத்துத் திறந்தால் அந்த மாற்றத்தைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள். எங்களைக் கேட்டால், முழுப் பயணத்திலும் இதைவிட நல்ல பாடம் இல்லை.

தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைட்ரேட்டும் சேரும். சோதனைத் தாள் நைட்ரேட்–நைட்ரஜனை (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும்) காட்டினால், நைட்ரேட்டாக மாற்ற 4.43 ஆல் பெருக்குங்கள். குடிநீரில் நைட்ரேட்டுக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். பெருக்க மறந்தால் கெட்ட கிணறும் நல்ல கிணறாகத் தெரியும்.

நீங்கள் குளிப்பதும் அதே நிலத்தடி நீரில்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர் என்று வையுங்கள். பத்தொன்பது பேருக்கு 1,140. விடுதித் தொட்டியில் கோடு போட்டு, பிள்ளைகளே தினமும் குறிக்கட்டும்.

யாழ்ப்பாண மாணவர் நாகைக்கு வரும் செலவை முதல் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு திரட்டலாம் என்று விட்டால் அவர்கள் வருவதே இல்லை, பயணம் ஒருவழியாகிவிடும். இரண்டு மானிகளை அங்கேயே விட்டுவாருங்கள். வறட்சி முற்றிய செப்டம்பரில் அதே கிணறுகளை அவர்கள் அளக்க வேண்டும். அதே வாரம் நாகையில் நீங்கள்.