‘நாட்டுக்கு ஆபத்து’ என்று சொல்லிச் சட்டம் வந்தால் எதைப் பார்ப்பது?

இலங்கையில் ஒரு அரசியல்வாதி மேடையில் ‘தேசிய பாதுகாப்பு’ என்று தொடங்கியதும் நாங்கள் உடனே கேட்பது, அந்த ஆபத்து உண்மையா பொய்யா என்றுதான். அந்தக் கேள்வியை விடுங்கள். தகவல் முழுக்க அவரிடம் இருக்கிறது, காட்டவும் மாட்டார். ஆபத்து உண்மையாகவும் இருக்கலாம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுகள் கட்டுக்கதை இல்லை. பேச்சை விட்டுவிட்டு, சட்டங்கள் வெளியாகும் அரச இதழான வர்த்தமானியைக் கையில் எடுங்கள். தமிழிலும் வருகிறது, அரச அச்சகத் திணைக்களத்தின் தளத்தில் இலவசமாக இறக்கலாம் (அந்தத் தமிழைப் படிக்கப் பொறுமை வேண்டும், அது வேறு கதை).

முதலில் முடிவுத் திகதியைத் தேடுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் பெயரிலேயே ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. 1979 ஜூலையில் மூன்று வருடத்துக்கென்று வந்தது. அதே மாதம்தான் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலையைப் போட்டு, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தை ஒழித்துவிடு என்று இராணுவப் பிரிகேடியர் வீரதுங்கவை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தன இங்கே அனுப்பினார். ஒழிந்ததா என்பது ஊருக்கே தெரியும். 1982இல் அந்த மூன்று வருட வரம்பைத் தூக்கிவிட்டார்கள், தற்காலிகம் பெயரில் மட்டும் மிஞ்சியது.

அப்புறம், சாதாரணச் சட்டத்தில் கிடைக்காத எதை இதில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது; இதன் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒருவர் எடுத்தால் செல்லும், அடித்து வாங்கினார்கள் என்று காட்டவேண்டிய சுமையும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையிலேயே. 2022இல் ‘திருத்தம்’ என்று வந்தபோது தடுப்புக்காவலை 18 மாதத்திலிருந்து 12 ஆக்கினார்கள், இந்தப் பிரிவைத் தொடவில்லை. திருத்தம் என்று கேள்விப்பட்டால், தொடாமல் விட்டதைத்தான் முதலில் வாசிக்கவேண்டும்.

நோய்க்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1982இல் ‘நக்சலைட் சதி’ என்று ஜே.ஆர். சொன்னார். சரி, சதி என்றால் வழக்குப் போடலாம், அவரோ பாராளுமன்றத் தேர்தலையே நடத்தாமல் இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்தார், விளக்கா (ஆம்) குடமா (இல்லை) என்று. யாழ்ப்பாணம் குடத்துக்குக் குத்தியது, நாடு விளக்குக்கு. கொரோனாக் காலத்தில் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் 2020 ஏப்ரலிலிருந்து முஸ்லிம்களின் உடல்களையும் எரிக்கவைத்தார்கள். 2021இல் இறங்கிவந்தபோது புதைக்க முதலில் காட்டிய இடம் வடக்கில் உள்ள இரணைதீவு. அங்குள்ள மக்கள் எதிர்த்தபின் கிழக்கில் உள்ள ஓட்டமாவடி.

இரட்டை நாக்கைப் பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் சுலபம். பாராளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் திறந்தே கிடக்கிறது, எதிர்க்கட்சியில் இருந்தபோது என்ன பேசினார் என்று தேடினால் போதும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவதாக ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 2015இல் வாக்குக் கொடுத்த அரசின் பிரதமர் ரணில், ஜனாதிபதியான பிறகு 2022இல் அதே சட்டத்தில் மாணவர் தலைவர்களை உள்ளே வைத்தார். 1980களின் கடைசியில் ஜே.வி.பி.க்காரரும் இதே சட்டத்தில் உள்ளே இருந்தவர்கள். நீக்குவோம் என்று சொல்லித்தான் 2024இல் வாக்குக் கேட்டார்கள், ஆட்சிக்கு வந்தபின் 2025இலும் அதில் ஆட்களைப் பிடித்தார்கள்.

எங்கடை ஆட்களையும் விடவேண்டாம். வாக்குப் பிரிந்தால் தமிழரின் இருப்பே போய்விடும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறதே, அதுவும் இதே வியாபாரந்தான். போன முறை பிரியாமல் குத்தியபோது என்ன செய்து தந்தீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் விளங்காவிட்டால், 2016 தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அமைச்சுக்குத் தமிழிலேயே விண்ணப்பம் போடலாம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள், ஆகவே பெயர் விவரம் கேட்காமல் எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். மறுத்தால் மேன்முறையீட்டுக்கும் இடம் இருக்கிறது, மறுப்புக் கடிதத்தைக் கவனமாக வைத்திருங்கள்.