சிரட்டையில் சுற்றும் தக்ளி, நாலு கண்ணியில் தொடங்கும் துணி

நானே நூற்ற நூலில் பேரனுக்கு ஒரு கையில்லாத பனியன் பின்னினேன். ஒரே ஒரு தரம் துவைத்துக் காயப்போட்டேன். விலாவில் இருந்த தையல் நகர்ந்து தொப்புளுக்கு வந்துவிட்டது. திருப்பிப் போட்டால் முதுகுக்குப் போகிறது. "ஆச்சி, சட்டை தானா நடக்குது" என்று பயல் சிரித்தான். ஆறு மாத வேலை.

தப்பு பின்னலில் இல்லை, நூலில். தறிக்கு நூற்கிற நூலை அப்படியே ஊசியில் ஏற்றினால் இந்தக் கதிதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே போகும் ஊடையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; நூலில் மிச்சமிருக்கும் முறுக்கு எங்கேயும் போக முடியாது. பின்னலில் ஒவ்வொரு கண்ணியும், அதாவது ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும், தளர்வாக இருக்கிறது. முறுக்கு தன்னை அவிழ்த்துக்கொள்ளப் பார்க்கும், துணி சாயும். இதற்கு வைத்தியம் இரண்டு இழையைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவது. பருத்தியைக் கையால் நூற்றுப் பின்னுவது பற்றிக் கீழே நான் எழுதுவதில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் பூமி. ஐந்தாம் வகுப்பில் கைத்தொழில் பீரியடுக்கு, கையால் சுற்றி நூல் நூற்கிற சின்னக் கதிரான தக்ளி கொடுத்தார்கள். வாக்கப்பட்டு வந்தது குன்னூருக்கு. தேயிலைத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அக்கா, முதல் பனிக்காலத்திலேயே இரண்டு ஊசியையும் ஒரு கம்பளி உருண்டையையும் மடியில் போட்டுவிட்டுப் போனார். தக்ளியும் ஊசியும் தனித்தனியாகத் தெரிந்தும், ஒன்றை இன்னொன்றோடு சேர்க்க எனக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் வேலையாகச் சட்டை, தொப்பி என்று போகாதீர்கள். ஒரு சாண் சதுரத்தில் முகம் துடைக்கிற துணி போதும். அதற்குப் பஞ்சு 15 கிராம் வேண்டும். செடியிலிருந்து எடுத்த பருத்தியாகக் கிடைத்தால் 50, 60 கிராம் வாங்குங்கள். எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மற்றது கொட்டை. எங்கள் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டையானது, ஒரு அங்குலத்துக்குள்தான் நிற்கும். ஆனாலும் தடித்த நூலுக்கு அது நன்றாகவே வரும். கோயம்புத்தூரில் 1970களில் உருவாக்கிய சுவின் என்ற பருத்தியின் இழை ஒன்றரை அங்குலம் வரை நீளும், பட்டு மாதிரி வழுக்கும். கை பழகின பிறகு அதைத் தேடுங்கள், முதலில் வேண்டாம்.

வாங்கக் கூடாதவை இரண்டு. மருந்துக்கடைப் பஞ்சில் மெழுகை எல்லாம் வெளுத்து எடுத்திருப்பார்கள். இழுத்தால் திட்டுத்திட்டாகப் பிய்ந்து வரும். தலையணை இலவம்பஞ்சு அதைவிட மோசம். பருத்தி இழையில் இயற்கையாகவே திருகல் இருக்கிறது, ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். இலவம் வழுவழுவென்று குழாய் மாதிரி இருக்கும், கவ்வாது. அதில் நூற்க உட்கார்ந்தால் கிளியோடு நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

கொட்டையை எடுக்க மணைப் பலகையில் பருத்தியை மெலிதாகப் பரப்பி, விரல் தடிமனுள்ள இரும்புக் கம்பியைச் சப்பாத்தி தேய்க்கிற மாதிரி உருட்டுங்கள். கொட்டை முன்பக்கம் பிதுங்கி விழும். பிறகு பஞ்சைப் பதப்படுத்த வேண்டும். ஊரில் வில்லால் அடிப்பார்கள். குன்னூரில் வில்லுக்கு எங்கே போக? நாய்க்கு முடி வாருகிற கம்பிப் பிரஷ் இரண்டு வாங்கிக்கொண்டேன். ஒன்றில் சிட்டிகை பஞ்சை வைத்து மற்றதால் மெல்ல வாரினால் நாலைந்து இழுப்பில் மேகம் மாதிரி ஆகிவிடும். அழுத்தி வாரினால் இழை முடிச்சு முடிச்சாகச் சுருளும். பிறகு அந்த முடிச்சு ஒவ்வொன்றும் நூலில் பரு மாதிரி தெரியும். வாரியதைப் பென்சிலில் சுற்றி, உள்ளங்கையால் பலகையில் லேசாக உருட்டி, பென்சிலை உருவிவிடுங்கள். இதுதான் பட்டை. நீளம் ஆறு அங்குலம், தடிமன் சுண்டுவிரல் அளவு. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் காதிக் கடைகளில் தயார்ப் பட்டை கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கருவிக்குத் தக்ளி போதும். ஒரு சாண் கம்பி, அடிப்பக்கம் ரூபாய் அளவில் ஒரு வட்டத் தகடு, நுனியில் கொக்கி. பெட்டிக்குள் மடங்கும் ராட்டையான பெட்டிச் சர்க்கா, புனே எரவாடா சிறையில் காந்தி இருந்த காலத்தில் உருப்பெற்றது, அழகான சாமான். அம்பர் சர்க்காவை ஆக்கியவர் நம் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன், அவர் பேரிலிருந்துதான் அம்பர் என்ற பேரே. ஆனால் இரண்டும் தறி நூலுக்காகப் பிறந்தவை, மெலிதான நூலுக்குத்தான் பொருந்தும். நமக்கு வேண்டியது கொஞ்சம் தடித்த, மெத்தென்ற நூல். அதைத் தக்ளியில்தான் கைக்கு அடக்கமாக நூற்க முடிகிறது என்பது என் அனுபவம்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வையுங்கள். ஆடாமல் இருக்கப் பழைய துணியைச் சும்மாடு சுருட்டி அதன் மேல் வைக்கலாம். தக்ளியின் அடி முனை சிரட்டைக்குள் நிற்க வேண்டும். பருத்தி நூலுக்குத் தக்ளியைத் தொங்கவிடக் கூடாது. குட்டை இழை பிடித்து முறுக்கேறுவதற்குள் கனம் தாங்காமல் அறுந்துவிடும்.

தையல் நூல் ஒரு முழம் எடுத்துத் தகட்டுக்கு மேலே கம்பியில் கட்டி, கம்பியைச் சுற்றி மேலேற்றி, கொக்கியில் மாட்டுங்கள். அதன் நுனியைப் பட்டையின் நுனிப் பஞ்சோடு சேர்த்து இடது கையில் பிடியுங்கள். வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரலால் கம்பியின் மேற்பக்கத்தைப் பிடித்து, மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகிற பக்கமாகச் சுண்டிவிடுங்கள். சுற்றும்போதே இடது கையை மெல்ல மேலே இழுங்கள். பஞ்சு பிரிந்து இழையாக வரும். இரண்டடி வந்ததும் விரலை அழுத்தி மூடி, இன்னும் ஒரு சுண்டு. முறுக்கு ஏறியதும் கொக்கியிலிருந்து கழற்றித் தகட்டின் மேலே சுற்றிவிட்டு மறுபடி மாட்டுங்கள். இவ்வளவுதான் நூற்பு. எழுத ஒரு பத்தி, கை பழக ஒரு வாரம்.

எங்கள் கைத்தொழில் டீச்சர் சொல்வது: "ஏட்டி, பஞ்சை நசுக்காத. கோழிக்குஞ்சப் பிடிக்க மாதிரி பிடி." அறுபது வயதுக்கு மேல் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லித் தரும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. வருகிற எல்லோரும் பயத்தில் பஞ்சை இறுக்கிப் பிடிக்கிறார்கள், இழை நகர மாட்டேன் என்கிறது, அறுகிறது. பயப்பட ஒன்றுமில்லை. அறுந்தால் இரண்டு நுனியையும் பிரித்து, ஒரு அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று வைத்துச் சுண்டினால் ஒட்டிக்கொள்ளும். முடிச்சுப் போடாதீர்கள்.

நடுவில் தடித்த இடம் வந்தால் உடனே முறுக்கேற்றிவிடாமல், இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். தடித்த இடம் முறுக்கில்லாமல் தளர்ந்தே இருப்பதால் இழுத்ததும் அதுவாகவே மெலியும். நூலைத் தளர்த்தினால் சுருண்டு குட்டி போடுகிறதா, முறுக்கு அதிகம். ஒரு முழத்தைப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் பிரிகிறதா, போதவில்லை. வெயில் காய்கிற நாளில் நூல் அதிகம் அறும். பருத்தி ஈரத்தில் பலம் கூடுகிற சரக்கு. பஞ்சாலைகளில் காற்றுக்கு ஈரம் ஏற்றி வைப்பதில் அதுவும் ஒரு காரணம். குன்னூர் மூடுபனியில் என் தக்ளி ஓடுகிற அழகு கோவில்பட்டி சித்திரை வெயிலில் வராது. அங்கே போனால் பக்கத்தில் ஈரத் துண்டைக் காயப்போட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

எவ்வளவு தடிமன் வேண்டும்? 10 மீட்டர் நூல் 1 கிராம் நிறுத்தால் சரி. மில் கணக்கில் அது ஆறாம் நம்பருக்குப் பக்கம். நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது, பின்னால் பின்னும்போதும் அதற்கு வேலை இருக்கிறது. 15 கிராமுக்கு 150 மீட்டர் ஒற்றை இழை. எனக்கு மணிக்கு 60 மீட்டருக்கு மேல் ஓடாது. முதல் தடவைக்காரர்கள் பத்துப் பதினைந்து சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான இடம். நூற்ற ஒற்றை இழையைச் சரிபாதியாக இரண்டு உருண்டையாகச் சுற்றி, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். இரண்டு நுனியையும் சேர்த்துத் தக்ளியில் கட்டி, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாகச் சுண்டுங்கள். இரண்டு இழையும் ஒரே இழுவையில் விரலிடுக்கு வழியே வர வேண்டும். ஒன்று தளர்ந்தால் அது மற்றதன் மேல் கொடி மாதிரி சுற்றிக்கொண்டு அசிங்கமாகும். எத்தனை முறுக்கு என்று எண்ண வேண்டாம். புதிதாக நூற்ற ஒற்றை இழையை ஒரு முழம் இழுத்து நடுவில் மடித்து விட்டால் தானாகவே இரட்டையாகச் சுற்றிக்கொள்ளும். அந்தச் சுற்று எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு போதும். அந்தத் துண்டை ஒரு அட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்யுங்கள்.

இரட்டித்த நூலை இரண்டு நாற்காலி முதுகைச் சுற்றிச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாக, சுற்றுங்கள். ஒரு சுற்று எவ்வளவு நீளம் என்று டேப்பால் அளந்துகொண்டால் மொத்த நீளமும் தெரிந்துவிடும். நாலு இடத்தில் எட்டு வடிவத்தில் தளரக் கட்டி, நாற்காலியிலிருந்து கழற்றித் தொங்கவிட்டுப் பாருங்கள். சுழலாமல் நேராகத் தொங்கினால் நீங்கள் ஜெயித்தீர்கள். லேசாகத் திரும்பினால் பரவாயில்லை, கொதிநீர் பார்த்துக்கொள்ளும். கயிறாகத் திருகிக்கொண்டால் இரட்டித்த முறுக்கில் ஏதோ கூடக் குறைய என்று அர்த்தம். மறுபடி தக்ளியில் ஓட்டித் திருத்த வேண்டும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர், ஒரு ஸ்பூன் சோப்புத்தூள். சிட்டத்தைப் போட்டு அரைமணி கொதிக்கவிடுங்கள். தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். முதல் தடவை நான் சாயம் போகிறது என்று பதறினேன். பஞ்சில் இருந்த மெழுகும் அழுக்கும் அது. அது போனால்தான் துணி தண்ணீரைக் குடிக்கும். கூடவே முறுக்கும் படிந்து நிற்கும். அலசி, உதறி, நிழலில் காயவைத்து உருண்டையாகச் சுற்றுங்கள்.

பின்னலுக்கு 3 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி இரண்டு. இரும்பு ஊசியில் பருத்தி வழுக்கும், குளிருக்கு விரலும் விறைக்கும். கைநூலில் எத்தனை கண்ணி போடுவது என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டால் பாதியில் நூல் தீர்ந்துபோகும் அபாயம் உண்டு. அதனால் மூலையிலிருந்து தொடங்குகிற இந்த முறைதான் என் சிபாரிசு.

நாலு கண்ணி ஏற்றி ஒரு வரிசை ப்ளெயின், அதாவது எல்லாக் கண்ணியும் நேர்ப்பின்னல். அடுத்த வரிசையில் இரண்டு கண்ணி பின்னி, ஊசியின் மேல் நூலை ஒரு சுற்றுப் போட்டு, மீதியை ப்ளெயினாகப் பின்னுங்கள். இனி எல்லா வரிசையும் இதேதான். வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டையாக ஒரு கரை விழும். முக்கோணம் வளரும். அவ்வப்போது மிச்ச உருண்டையை நிறுத்துப் பாருங்கள். 15 கிராமில் தொடங்கி 8 கிராம் மிச்சம் என்று தராசு காட்டும்போது கூட்டுவதை நிறுத்திக் குறைக்கத் தொடங்குங்கள்: ஒரு கண்ணி பின்னி, இரண்டைச் சேர்த்துப் பின்னி, ஊசியில் ஒரு சுற்று, மறுபடி இரண்டைச் சேர்த்து, மீதி ப்ளெயின். வரிசைக்கு ஒன்று குறையும். எனக்கு அகலமான இடத்தில் 68 கண்ணி வரும். திரும்ப நாலு கண்ணிக்கு வந்ததும் மூடி, நுனியை மழுங்கிய ஊசியால் உள்ளே செருகிவிடுங்கள்.

பருத்தி நூலுக்கு இழுபடும் குணம் கிடையாது. கம்பளி பின்னிப் பழகியவர்களுக்கு முதல் நாள் மணிக்கட்டு வலிக்கும். கண்ணியைத் தளர்வாக விடுங்கள், அரைமணிக்கு ஒருதரம் எழுந்து நடங்கள்.

இது முடிந்தபின் கம்பளியில் ஆசை வந்தால், நீலகிரி ஆட்டு ரோமம் மெலிந்தது, பின்னலுக்கு ஏற்றது. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் அந்த ஆட்டுக்கென்றே ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரிலும் கம்பளி ஆட்டுப் பண்ணை உண்டு. ரோமத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ விட்டு, கிளறாமல் அப்படியே ஊறவைத்து எடுங்கள். கொதிக்க வைத்தாலோ கசக்கினாலோ கெட்டித்து ஜமுக்காளமாகிவிடும். இழை நீளமாக இருப்பதால் இங்கே தொங்கவிட்டே நூற்கலாம்: பழைய சி.டி. ஒன்றின் ஓட்டையில் ரப்பர் சுற்றிய பென்சிலைச் செருகினால் கதிர் தயார். இரட்டிப்பது மட்டும் அதே விதிதான்.

முகத்துணிக்கு வருகிறேன். முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும், பிறகு சுருங்காது. வாஷிங் மெஷினில் போடலாம். துடைக்கத் துடைக்க மெத்தென்று ஆகும். உருண்டையில் மிஞ்சும் இரண்டு மூன்று மீட்டரை வீசாதீர்கள். நான் அதில்தான் வெள்ளிக்கிழமை பூக்கட்டுகிறேன்.