கதைக்குள் கேரக்டரை இறக்குவது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராக மாறிக் கதையை ஆடும் விளையாட்டு. அதை நடத்த உட்காரும் புது டி.எம்.கள் (டன்ஜன் மாஸ்டர்கள்) பெரும்பாலும் கதையை முழுசாக எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆட்டக்காரர்கள் கொண்டுவரும் கேரக்டர்களை அப்புறம் எங்காவது சொருகப் பார்க்கிறார்கள். என் மேசையில் வரிசை வேறு. எல்லாருடைய கேரக்டர் ஷீட்டும் (கேரக்டரின் விவரங்களை எழுதும் தாள்) கைக்கு வரும்வரை வில்லனுக்குப் பெயர்கூட வைக்கமாட்டேன்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஷீட்டில் குணம், இலட்சியம், பிணைப்பு, குறை என நான்கு கட்டங்கள் உண்டு. எனக்கு முக்கியம் கடைசி இரண்டும்தான். கேரக்டர் யாருக்காக ஓடும், எங்கே சறுக்கும் என்பதை அவை சொல்லிவிடும். முன்கதையைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லாதீர்கள். "குடும்பமே செத்துப்போச்சு" என்று எழுதுகிறவரிடம், ஒரே ஒருவராவது பிழைத்திருக்கட்டுமே என்று கேளுங்கள். உயிரோடு ஒருவர் இருந்தால்தான் கதைக்குப் பிடி கிடைக்கும்.

அந்தப் பிடியை எப்படிப் பயன்படுத்துவது? அதே ஆண்டு புதியவர்களுக்கான ஸ்டார்ட்டர் செட் பெட்டியில் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபேண்டெல்வர்' என்ற கதை நல்ல பாடம். கண்ட்ரன் என்ற குள்ளர் இனத்தவர் உங்கள் குழுவை வேலைக்கு அமர்த்துகிறார், வழியில் காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களிடம் சிக்கிக்கொள்கிறார். அவர் வெறும் முதலாளி என்றால் மீட்பதும் வெறும் கூலி வேலை. ஆனால் பெட்டியிலேயே தயாராக வரும் கேரக்டர்களில் ஒன்றான குள்ள கிளெரிக்குக்கு (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) அவர் சொந்தக்காரர். குகையும் காப்ளின்களும் மாறவில்லை, ஆனால் அந்த கிளெரிக்கை ஆடுகிறவருக்கு இரவு தங்கி ஓய்வெடுக்க மனம் வராது.

இதே வேலையை நீங்களும் செய்யலாம். அந்தக் கதையில் ஃபேண்டலின் ஊரை மிரட்டும் ரெட்பிராண்டு கும்பல் சிவப்பு மேலங்கி போட்டிருக்கும். என் மேசையில் ஒரு பெண் தன் கேரக்டருக்கு, வீட்டைவிட்டு ஓடிப்போன தம்பி ஒருவன் உண்டு என்று எழுதியிருந்தாள். பெயரில்லாத அடியாள் ஒருவனை எடுத்துவிட்டு, அந்த மேலங்கியைத் தம்பிக்குப் போட்டேன். அடிக்க வந்தவள் வாளைக் கீழே போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தாள். நான் புதிதாக ஒரு சம்பவமும் எழுத வேண்டியிருக்கவில்லை.

சரி, பேச்சே மாலை முழுவதையும் தின்றுவிட்டால்? அதற்குக் கடிகாரம் இருக்கிறது. 'பிளேட்ஸ் இன் த டார்க்' ஆட்டத்தில் நன்றாகப் பயன்படும் உத்தி இது. ஒரு வட்டத்தை ஆறு துண்டாக்கி, 'கண்ட்ரன் வாய் திறக்கிறார்' என்று தலைப்பிட்டு எல்லாருக்கும் தெரியும்படி வையுங்கள். குழு தாமதிக்கும்போதெல்லாம் ஒரு துண்டைக் கறுப்பாக்குங்கள். ஆறும் கறுத்தால், சிறைப்பட்ட கண்ட்ரன் தன் இரகசியத்தை எதிரிகளிடம் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். தம்பியோடு இன்னும் கொஞ்சம் பேசுவதா, கிளம்புவதா என்று அவர்களே தவிப்பார்கள். கதையும் கேரக்டரும் ஒரே முடிவுக்குள் வந்து இழுபடும் அந்த இடத்துக்காகத்தான் நான் டி.எம். நாற்காலியில் உட்காருகிறேன்.

ஒருவர் நடுவில் இருக்கும்போது மற்றவர்கள் போனை எடுப்பார்கள். அவர்களிடம், "இதைப் பார்த்துக்கிட்டு நிக்கிற உன் ஆளுக்கு என்ன தோணுது?" என்று கேளுங்கள். கூச்சப்படுகிறவரை வசனம் பேச வற்புறுத்த வேண்டாம். "அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்" என்று சொன்னாலே போதும்.

பகடை விஷயத்தில் நான் கறார். தம்பி காது கொடுப்பானா என்பதைப் பகடை சொல்லலாம். அக்கா மன்னிக்கிறாளா என்பதை ஆடுகிறவர் மட்டுமே சொல்ல வேண்டும். தன் குறையாலேயே ஒரு கேரக்டர் வம்பில் மாட்டினால் தயங்காமல் இன்ஸ்பிரேஷன் கொடுங்கள். 2014 பதிப்பின் விதிப்படி, அதை வைத்து அடுத்து ஒரு முக்கியமான உருட்டலுக்கு இரண்டு டி20 (இருபது முகப் பகடை) உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பச் சாவு, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை போன்றவற்றைத் தொடலாமா என்று ஆட்டம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

செஷன் முடிந்து கிளம்பும்போது ஒரே கேள்வி: "அடுத்த தடவை உன் ஆள் யாரைப் பார்த்தே ஆகணும்?" பதில்களைக் குறித்துக்கொண்டு, அந்த ஆட்களை மட்டும் தயார் செய்யுங்கள்.