முட்டையை அடித்தது யார்? பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் நடை

ஒரு முட்டை, ஒரு பிடி நாட்டுச்சர்க்கரை, கொஞ்சம் தேங்காய் மட்டை, நாலு கிளிஞ்சல். இவற்றை ஒரு பெட்டியில் போட்டு, 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் முன்னால் திறந்து வையுங்கள். முட்டையை அவித்துவிடுங்கள், பச்சை முட்டை எம்ஆர்டி ரயிலிலேயே உடைந்துவிடும். "இதெல்லாம் எதற்கு?" என்ற ஒரே கேள்வி போதும். பலகாரம் என்பார்கள். மறுக்காதீர்கள்.

விடை சிங்கப்பூரின் சிட்டி ஹால் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு 1856-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு: கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்த சாந்து. காய்ந்த பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அவர்களிடம்தான் பிள்ளைகள் வந்து சேர வேண்டும். ஆகவே துப்புகளை விடையிலிருந்து பின்னோக்கி அமையுங்கள். மூன்று துப்பு போதும்; ஐந்தானால் வெயிலில் கவனம் சிதறிவிடும். சாந்தை நிஜமாகக் குழைத்துக் காட்டும் ஆசை மட்டும் வேண்டாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

முதல் துப்பு தேவாலயத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். சனிக்கிழமை காலை 9 மணிக்குப் போங்கள். கண்ணில் படும் பலகைகளில் உள்ள பெயர்களை எழுதி வரச் சொல்லுங்கள். பிறகு, "இதில் சுவர் பூசியவர் யார்?" என்று கேளுங்கள். கட்டடத்தை வடிவமைத்த ரொனால்ட் மெக்ஃபெர்சன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கைதிகளை மேற்பார்வையிட்ட அதிகாரியும் அவரே. பூசியவர்களின் பெயர்? பிள்ளைகள் தடுமாறும் இந்த இடத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கடினம்.

இரண்டாவது, பென்கூலன் ஸ்ட்ரீட் பெயர்ப்பலகை. சுமத்ரா வரைபடம் ஒன்றைக் கையில் கொடுங்கள். அங்குள்ள ஊரின் பெயர் இங்கே எப்படி வந்தது? 1824 உடன்படிக்கையில் பிரிட்டிஷார் பென்கூலனை (இன்றைய பெங்குலு) டச்சுக்காரர்களிடம் கொடுத்தார்கள். அங்கே வைத்திருந்த இந்தியக் கைதிகளை 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். சதுப்பை மேடாக்கவும் சாலை போடவும் ஆள் தேவைப்பட்டது. பிராஸ் பாசா பகுதியில் அவர்களுக்குச் சிறை எழுந்தது, 1873-ல் மூடினார்கள். பெட்டிக்கு நாலு எண் பூட்டு போடுவதாக இருந்தால் இந்த 1873-ஐ வையுங்கள்.

மூன்றாவது, பிரிட்டிஷ் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822-ல் திட்டமிட்ட நகரின் வரைபடம். ஏ3 தாளில் அச்சடியுங்கள். ஏ4-ல் எழுத்து தெரியாது. ஐரோப்பியருக்கு ஓரிடம், சீனருக்கு ஓரிடம், சூலியாக்கள் எனப்பட்ட தென்னிந்தியருக்கு ஓரிடம் என்று இனவாரியாகப் பிரித்திருப்பது தெரியும். வண்ணப் பென்சிலால் தீட்டச் சொல்லுங்கள். நிறங்கள் விழுந்ததும், "யார் எங்கே வாழலாம் என்று முடிவெடுத்தது யார்?" என்ற கேள்வி தானாக எழும்.

நடை முடிந்ததும் விக்டோரியா ஸ்ட்ரீட்டில் உள்ள தேசிய நூலகம். பழைய ஆங்கில நாளிதழ்களை நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் இலவசமாகத் தேடலாம். கைதியைக் குறிக்கும் 'கன்விக்ட்' (convict) என்று மட்டும் தட்டினால் முடிவுகள் குவியும். ஆண்டுகளை 1845 முதல் 1873 வரை சுருக்குங்கள். மங்கிய அச்சைக் கணினி தவறாகப் படிப்பதால் சில செய்திகள் தேடலில் சிக்காது. எழுத்தை மாற்றியும் தேடுங்கள். முன்கூட்டியே மூன்று துணுக்குகளை நீங்கள் படித்துப் பார்த்து அச்சடித்துக்கொள்வது நல்லது. தமிழர்களை அன்று 'கிளிங்' என்றே எழுதினார்கள். அந்தச் சொல் பின்னாளில் வசையானதை விளக்காமல் தாளை நீட்டாதீர்கள். தமிழில் தேடலாமே என்றால், 'சிங்கை நேசன்' தமிழ் வார இதழ் வந்ததே 1887-ல். சிறை மூடி 14 ஆண்டு ஆகிவிட்டது.

இரண்டு தவறுகள் இந்த நடையைக் கெடுக்கும். ஒன்று, கைதிகள் எல்லோரும் நிரபராதிகள் என்று சொல்வது. கொலைக்கும் கொள்ளைக்கும் தண்டனை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. குற்றம் வேறு, ஒரு காலனி தன் சாலையையும் மாளிகையையும் அவர்களின் கட்டாய உழைப்பில் எழுப்பிக்கொண்டது வேறு; 11 வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு நன்றாகவே புரியும். மற்றது, தேயிலைத் தண்ணீரில் தாளை நனைத்து 'கைதியின் நாட்குறிப்பு' என்று பொய்க் கடிதம் தயாரிப்பது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடுத்த வாரம் அதையே பள்ளியில் ஆதாரமாகச் சொல்வார்கள்.

கடைசியில் ஆளுக்கொரு தாள், மூன்று பத்தி: தெரிந்தது, ஊகித்தது, தெரியாதது. மூன்றாவது பத்தியின் முதல் வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: "முட்டையை அடித்தவர் பெயர்." பக்கத்தில் கோடு மட்டும்.