ஜாயின்ட் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள்: ஆக்‌ஷன் ஃபிகரை எடைபோடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீழக்கரைப் பையன்கள் துபாயில் வேலை பார்க்கும் அண்ணனிடம் (அந்த ஊர்ப் பேச்சில் 'காக்கா') சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர், அதாவது கைகாலை மடக்கி நிறுத்தும் பொம்மை கேட்கும்போது முதலில் விசாரிப்பது, "காக்கா, அதுல எத்தனை ஜாயின்ட் இருக்கு?" என்றுதான். 30 என்றால் வாங்கு, 16 என்றால் வேண்டாம். பெரிய தவறு இங்கேதான் தொடங்குகிறது. ஜாயின்ட் என்றால் பொம்மையின் அசையும் மூட்டு. மணிக்கட்டு சும்மா சுற்றினாலும் அது ஒரு ஜாயின்ட், தொடை சுற்றினாலும் ஒரு ஜாயின்ட். எண்ணிக்கை ஏறிவிடும், போஸ் வராது.

பார்க்க வேண்டியது, அந்தந்த ஹீரோவுக்கே உரிய போஸ் வருகிறதா என்பதை. ஸ்பைடர்மேன் என்றால் குத்தவைத்து உட்கார வேண்டும். அதற்கு முழங்காலில் இரட்டை ஜாயின்ட் இருந்தால் மட்டும் போதாது. தொடையின் பின்பக்கம் பிளாஸ்டிக் தடித்துக் கிடந்தால், இரண்டு ஜாயின்ட் இருந்தும் கால் பாதியிலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். நன்றாகச் செய்த பொம்மையில் குதிகால் கிட்டத்தட்ட தொடையைத் தொடும். சூப்பர்மேனுக்குக் கழுத்துதான் எல்லாம். படுத்தவாக்கில் பறக்கும்போது முகம் முன்னால் பார்க்க வேண்டும். பின்தலை முடியோ கேப்பின் (முதுகில் தொங்கும் அங்கியின்) கழுத்துப்பட்டையோ இடித்தால், எவ்வளவு அழகான முகமாக இருந்தாலும் அது தரையைப் பார்த்துத்தான் பறக்கும். ஹல்க்குக்கு இந்த வளைவெல்லாம் தேவையில்லை. காலை அகட்டி, தோளைத் தூக்கி, கனமாக நின்றால் அவன் ஹல்க்.

எல்லாருக்கும் பொதுவாக ஒன்று உண்டு, கணுக்கால். காலை அகட்டி நிறுத்தும்போது பாதம் முழுசும் தரையில் பதிய வேண்டும். பாதத்தின் ஓரம் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் பொம்மை கீழே விழும். பேட்மேனில் இன்னொரு சிக்கல்: கேப் முழுக்க கெட்டி பிளாஸ்டிக் என்றால் எடை பின்னால் இழுத்து மல்லாந்துவிடும். துணிக் கேப்பின் ஓரத்தில் கம்பி வைத்துத் தைத்திருந்தால் எடையும் குறைவு, காற்றில் பறக்கிற மாதிரி மடக்கியும் வைக்கலாம். என்னைக் கேட்டால் துணிதான்.

வடிவமைப்பை நேராக நிற்கவைத்து மட்டும் மதிப்பிடுவதும் தவறு. பெட்டியில் இருக்கும் படம் பெரும்பாலும் கையால் பெயின்ட் அடித்த மாதிரிப் பொம்மையின் படம். தொழிற்சாலையிலிருந்து வருவது அதே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்லை. முழங்கையை முழுசாக மடக்கிப் பாருங்கள். உள்ளேயிருந்து வேறு நிறத்துப் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கிறதா? நீல உடையின் நடுவில் ஜாயின்ட்டின் தோல் நிற ஆணி பொட்டு மாதிரி தெரிகிறதா? நாலைந்து தடவை மடக்கியதுமே பெயின்ட் உரிகிறதா? நல்ல சிற்பி ஜாயின்ட்டை உடையின் மடிப்பிலும் தசைக் கோட்டிலும் ஒளித்து வைப்பார்.

அளவை மறந்து ஒப்பிடுவதும் நடக்கிறது. பொம்மை வரிசைகளில் மார்வெல் லெஜெண்ட்ஸ் 6 அங்குலம், மெக்ஃபார்லேன் டிசி மல்டிவர்ஸ் 7 அங்குலம், ஹாட் டாய்ஸ் ஆள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஓரடி. ஹாட் டாய்ஸின் அழகு முகத்திலும் தைத்த உடையிலும் இருக்கிறது. அதைக் குத்தவைத்து உட்காரச் சொல்வது நியாயமில்லை. ரப்பர் உடை போட்டதை ரொம்ப நாள் மடக்கியே வைத்தால் மடிப்பு விழுந்து வெடித்தும் போகும்.

அடுத்தது, பெட்டியைப் பிரித்த வேகத்தில் இறுகிய ஜாயின்ட்டை முறுக்குவது. பெரும்பாலும் பெயின்ட் ஒட்டிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் குச்சி முறியும். கொதிக்காத சுடுதண்ணீரில் அந்த ஜாயின்ட் இருக்கும் கையையோ காலையோ மட்டும் ஓரிரு நிமிடம் முக்குங்கள். பிறகு ஜாயின்ட்டுக்கு ஒட்டி மேலும் கீழும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். துணி உடையோ உள்ளே பேட்டரியோ இருந்தால் இந்த வேலை வேண்டாம்.

நம் ராமநாதபுரம் கடற்கரைக்கென்று தனியாக ஒரு சோதனை தேவை. ஏசி கடையில் விறைப்பாக நிற்கும் பொம்மை, மே மாதம் மண்டபம் ஊரில் கரன்ட் போன மத்தியானத்தில் கணுக்கால் வளைந்து சாயலாம். இந்தப் பொம்மைகளில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் சூட்டில் இளகும். அதனால் வாங்கின அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாமல் அலமாரியில் இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டுச் சொல்லுங்கள். வளைந்ததைச் சுடுதண்ணீரில் நேராக்கி உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்தால் நிற்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் உப்புக்காற்று. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் ஜன்னலோரம் வைத்தால் முதுகில் திருகாணி இருந்தால் அது துருப்பிடிக்கும். அதைத் தயாரிப்பின் குறையாக எழுதுவது சரியல்ல. கண்ணாடி அலமாரியும் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். அதற்காகப் பிரிக்காமல் பெட்டிக்குள்ளேயே வருடக்கணக்கில் பூட்டி வைப்பதும் கூடாது. பிவிசியை மென்மையாக்கக் கலந்திருக்கும் இளக்கி மெல்லக் கசிந்து மேலே பிசுபிசுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுக் கழுவினால் போய்விடும்.

பழைய பொம்மை வாங்குகிறவர்கள் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம். கணுக்காலையும் முழங்காலையும் மடக்கி, ஸ்டாண்ட் இல்லாமல் நிறுத்திக் காட்டும் வீடியோ கேளுங்கள். ஜாயின்ட் தளர்ந்த பொம்மை போட்டோவுக்கு மட்டும் நன்றாக நிற்கும்.