வெள்ளியின் தரையை ரேடாரால் வரைவது எப்படி

வெள்ளிக் கோளின் மேகத்தைத் தாண்டிக் கேமராவால் பார்க்க முடியாது, 12.6 செ.மீ. ரேடியோ அலைக்கு அது தடையே இல்லை. மெகல்லன் விண்கலம் 1990 முதல் இந்த அலையில்தான் தரையின் 98 சதவீதத்தை வரைந்தது. அதன் எண்களையே வைத்துக் கணக்குப் போடுவோம்.

முதலில், ஒரு சுற்றில் படமாகும் தரைப் பட்டையின் அகலம். வெள்ளி ஒருமுறை சுழல 243 நாள், மெகல்லனின் ஒரு சுற்றுக்கு 3.26 மணி. அதற்குள் நடுக்கோட்டில் தரை சுமார் 21 கி.மீ. நகர்ந்துவிடும். பட்டை 25 கி.மீ. இருந்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். குறைந்தால் இடையில் ஓட்டை விழும்; அடைக்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஆன்டெனாவைப் பக்கவாட்டில் சாயுங்கள். நேர்கீழே பார்த்தால் இடப்பக்க எதிரொலியும் வலப்பக்க எதிரொலியும் ஒரே நேரத்தில், ஒரே டாப்ளரோடு (விண்கலம் நகர்வதால் அலையின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம்) வரும், பிரிக்கவே முடியாது.

ரேடார் விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பின் அலைவரிசை அகலம் 2.26 மெகாஹெர்ட்ஸ் என்றால் சாய்தூரத்தில் (ரேடாரிலிருந்து தரைக்கு நேர்கோட்டுத் தூரம்) 66 மீட்டர் வரை பிரித்தறியலாம். தரையில் எவ்வளவு என்பதற்கு, படுகோணத்தின் (அலை செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்து தரையில் விழுகிறது என்பதன்) சைனால் வகுக்க வேண்டும்: 35 டிகிரியில் 115 மீட்டர், 15 டிகிரியில் 255.

பலரும் சறுக்குவது துடிப்பு வீதத்தில். விண்கலத்தின் வேகத்தை இரட்டித்து ஆன்டெனா நீளத்தால் வகுத்தால் கீழ்வரம்பு கிடைக்கும். நொடிக்கு 8.2 கி.மீ., 3.7 மீட்டர் ஆன்டெனா என்றால் நொடிக்குச் சுமார் 4,400 துடிப்பு. அதற்குக் கீழே போனால் டாப்ளர் மடிந்து, அதாவது ஓரிடத்தின் எதிரொலி இன்னோரிடத்தினுடையதாகத் தெரிந்து, இல்லாத மலை படத்தில் முளைக்கும். ரொம்ப ஏற்றினாலோ அடுத்தடுத்த துடிப்புகளின் எதிரொலிகள் கலந்துவிடும்.

படத்தில் உப்புத் தூவியதுபோல் தெரியும் புள்ளிகள் கருவிக் கோளாறல்ல. ஒரே இடத்தின் பல பார்வைகளைச் சராசரி எடுங்கள், அடங்கும். நுணுக்கம் கொஞ்சம் போகும்.

வெளிச்சமான இடம் வெண்பாறை என்று எண்ண வேண்டாம். இரண்டு செ.மீ. மேடுபள்ளமே இந்த அலைக்குக் கரடுமுரடுதான், பளிச்சென்று தெரியும். (மெகல்லன் படங்களில் தெரியும் ஆரஞ்சு நிறம் பிறகு பூசியது.) ரேடாரை நோக்கிய சரிவு படுகோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால், உச்சியின் எதிரொலி அடிவாரத்தை முந்தி வரும், மலை ரேடார் பக்கம் கவிழ்ந்து கிடக்கும்.

எனவே மாற்றம் தேடும்போது ஒரே பக்கத்திலிருந்து எடுத்த படங்களையே ஒப்பிடுங்கள். வெள்ளியின் மாட் மோன்ஸ் எரிமலையில் ஓர் எரிமலைவாய் 1991 பிப்ரவரிக்கும் அக்டோபருக்கும் இடையே 2.2 சதுர கி.மீ.யிலிருந்து 4 ஆக விரிந்தது 2023-இல்தான் வெளியானது. இரு படங்களும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்தவை. மாறியது தரையா, கோணமா என்று தீர்க்கக் கணினியில் மாதிரி செய்து பார்க்க வேண்டியிருந்தது.