நான்கு செல்லிலும் 3.29 வோல்ட்: எல்எஃப்பி பேட்டரி கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்து போனில் நான்கு படங்களைக் காட்டினான். சீனாவிலிருந்து வந்த 280 ஏஎச் (ஆம்பியர்-மணி, செல் கொள்ளும் சார்ஜின் அளவு) எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் நான்கு. ஒவ்வொன்றின் மேலும் மல்டிமீட்டர் முனைகள். நான்கிலும் 3.29. "எல்லாம் ஒரே வோல்ட்டுங்ணா. பேலன்ஸ்லதான் இருக்குது. நாளைக்கே பஸ்பார் போட்டு சோலார்ல மாட்டிடறேன்" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருடங்களுக்கு முன்னால் இதே 3.29ஐப் பார்த்துப் பூரித்துப்போனவன் நான்.

பிளஸ் மைனஸ் மாற்றி மாட்டுவது, ஒல்லி வயர் போடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை முதல் நாளே புகை விட்டுத் தெரிவித்துவிடும். மூன்று மாதம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் கழுத்தை அறுப்பவை வேறு.

வோல்ட் ஒன்றாக இருந்தால் சார்ஜும் ஒன்று என்று நம்புவது

இது டியூப்ளர், அதாவது பழைய ஈய-ஆசிட் இன்வெர்ட்டர் பேட்டரி கொடுத்த பழக்கம். அதில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி. மீட்டர் வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் அப்படி இல்லை. சார்ஜ் 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை ஏறும்போதும் வோல்ட் 3.2க்கும் 3.35க்கும் நடுவிலேயே படுத்திருக்கும். உள்ளே இரும்பு பாஸ்பேட்டும் லித்தியம் ஏறிய இரும்பு பாஸ்பேட்டும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டிருக்கும். இரண்டும் கூடவே இருக்கும்வரை வோல்ட் நகராது. ஐஸ் முழுக்க உருகும்வரை தண்ணீர் சூடேறாமல் இருக்குமே, அந்தக் கதைதான். அதனால் பாதி சார்ஜில் இருக்கும் செல்லும் 60 சதவீதத்தில் இருக்கும் செல்லும் சாதா மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டும்.

என் முதல் பேட்டரிக்கு இரண்டு செல்லை ஒரு தடவையும் மீதி இரண்டை இன்னொரு தடவையும் வாங்கினேன். எல்லாம் 3.29. அப்படியே சீரிஸில் கட்டினேன். 12.8 வோல்ட், 280 ஏஎச், மூன்றரை யூனிட் கணக்கு. ஃபிரிட்ஜும் இரண்டு ஃபேனும் விடியும்வரை ஓட வேண்டும். மத்தியானமே இன்வெர்ட்டர் 'ஃபுல்' என்று காட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வீடே இருட்டாகும். பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, வரம்பு மீறினால் துண்டிக்கும் போர்டு) கோளாறு என்று நினைத்து வேறொன்று வாங்கி மாட்டினேன். அதே இரண்டு மணி. டூப்ளிகேட் செல் கொடுத்துவிட்டார் என்று விற்றவரிடம் போனில் கத்தினேன். பிறகு அவரைக் கூப்பிட இன்றுவரை எனக்கு முகமில்லை.

நடந்தது இவ்வளவுதான். முதலில் வாங்கிய இரண்டு செல்களும் மற்ற இரண்டைவிட ஏறக்குறைய 80 ஏஎச் முன்னால் இருந்தன. அவை நிரம்பி 3.65ஐத் தொட்டதும் பிஎம்எஸ் சார்ஜை நிறுத்தியது. மற்ற இரண்டும் அரைகுறையாகவே நின்றன. ராத்திரி அந்த அரைகுறை செல்கள் முதலில் 2.5க்கு இறங்க, பிஎம்எஸ் திரும்பவும் கதவைச் சாத்தியது. 280க்குக் காசு கொடுத்துவிட்டு 200ஐத்தான் நான் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

"பிஎம்எஸ்ஸே பேலன்ஸ் பண்ணிக்கும்" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும். மலிவான பிஎம்எஸ்ஸின் பேலன்ஸ் கரண்ட் 50 மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும். 80 ஏஎச் வித்தியாசத்தைச் சரிசெய்ய 1,600 மணி நேரம் வேண்டும். அதுவும் செல் 3.4ஐத் தாண்டி நிற்கும்போதுதான் அது வேலை செய்யும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு மேல் ஆகும்.

செய்ய வேண்டியது டாப் பேலன்ஸ், அதாவது எல்லா செல்லையும் முழு சார்ஜில் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. முதலில் பிஎம்எஸ்ஸோடு சீரிஸில் கட்டி, ஏதாவது ஒரு செல் 3.65ஐத் தொட்டு சார்ஜ் நிற்கும்வரை ஏற்றுங்கள். பிறகு பிரித்து, பிளஸ்ஸெல்லாம் ஒன்றாக, மைனஸெல்லாம் ஒன்றாக பேரலலில் கட்டுங்கள். பவர் சப்ளையை செல்லோடு இணைப்பதற்கு முன்பே 3.65க்கு வைத்து, மல்டிமீட்டரால் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு, அப்புறம் இணையுங்கள். செல் முனையில் 3.65 வந்து, கரண்ட் ஒன்றிரண்டு ஆம்பியருக்கு விழுந்ததும் கழற்றிவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தவறி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே விழுந்தால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும்.

இதில் நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம்தான் விலை அதிகம். சீரிஸில் ஏற்றும் வேலையைத் தவிர்த்து, பாதி சார்ஜில் இருந்த நான்கையும் நேராக பேரலலில் கட்டிவிட்டேன். 10 ஆம்பியர் சப்ளை. 560 ஏஎச் ஏற வேண்டும் என்றால் 56 மணி நேரம். சப்ளையோடு வந்த வயர் வேறு ஒல்லி. வோல்ட் வயரிலேயே விழுந்து, நாலு ஆம்பியர்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்து நாள் பார்த்துவிட்டுப் பொறுமை போய் குமிழைத் திருகி 4.5க்கு ஏற்றினேன். உடனே பத்து ஆம்பியர். நிம்மதியாகத் தூங்கப் போனேன். நாள்கணக்கில் 3.3லேயே கிடந்த செல்கள், நிரம்பியதும் சில நிமிடங்களில் விர்ரென்று ஏறிவிடும் என்பது அன்று தெரியாது. காலையில் நான்கும் 4 வோல்ட்டைத் தாண்டியிருந்தன. நான்கின் வயிறும் உப்பியிருந்தது. தீப்பிடிக்கவில்லை. பாஸ்பேட்டில் ஆக்ஸிஜன் பாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் கோபால்ட் வகை செல்லைப்போல அது எளிதில் ஆக்ஸிஜனை விடாது. வீடு தப்பியது. செல்லுக்குப் போட்ட காசு தப்பவில்லை.

டியூப்ளர் செட்டிங்கை அப்படியே விடுவது

இன்வெர்ட்டரில் ஈக்குவலைசேஷன் (டியூப்ளருக்கு அவ்வப்போது வோல்ட்டைக் கூட்டி ஏற்றுவது) என்று இருப்பதை முதலில் அணையுங்கள். அது 15 வோல்ட்டைத் தாண்டும். நான்கு செல்லின் உச்சவரம்பு 14.6. நான் 14.0ல் நிறுத்துகிறேன், ஃபுளோட் (நிரம்பிய பிறகு தாங்கிப் பிடிக்கும் வோல்ட்) 13.5. "மேலே போனால் பிஎம்எஸ் நிறுத்திக்கொள்ளுமே" என்று கேட்காதீர்கள். அது ராத்திரிக் காவல்காரர். தினமும் வாசல் கதவைச் சாத்துவது அவர் வேலை இல்லை. வெயில் உச்சத்தில் சார்ஜ் ஏறும்போது பிஎம்எஸ் படக்கென்று துண்டித்தால், வோல்ட் எகிறி இன்வெர்ட்டரைத் தாக்கவும் வாய்ப்பு உண்டு.

பழைய டியூப்ளரோடு சேர்த்துக் கட்டுவது

வேண்டாம்.

ஏசி எம்சிபியை டிசியில் போடுவது

நம் வீட்டு ஏசி கரண்ட் விநாடிக்கு 100 தடவை சைபரைத் தொடும். எம்சிபி (வீட்டு ட்ரிப் சுவிட்ச்) துண்டிக்கும்போது உள்ளே எழும் தீப்பொறி அப்போது அணைந்துவிடும். டிசியில் சைபரே கிடையாது, பொறி எளிதில் அணையாது. இந்த செல்கள் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் விலை அதிகம்தான். வாங்குங்கள்.

மொட்டைமாடித் தகர அறை

சித்திரை வெயிலில் மத்தியானம் நீங்களே அதற்குள் பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

பையனின் செல்கள் இப்போது அவன் வீட்டு மேசைமேல் பேரலலில் இருக்கின்றன. நேற்று சாயங்காலம் போன் செய்தான். "ரெண்டு நாளா 3.37லயே நிக்குது, ஏறவே மாட்டேங்குதுங்ணா." குமிழைத் தொட்டாயா என்று கேட்டேன். பதில் வரக் கொஞ்சம் நேரமானது. நேரில் போய் குமிழ்மேல் இன்சுலேஷன் டேப்பை மூன்று சுற்று ஒட்டிவிட்டு வந்தேன்.